நாலு மில்லிமீட்டர்

அந்த ஷட்டரை நல்லா இழுத்து விட்டுட்டு வாங்க தம்பி. காத்து கெளம்பிருச்சு. மணல் உள்ள வந்துச்சுன்னா நம்ம செய்யிற வேலையெல்லாம் பாழு. ஆங், அம்புட்டுத்தான். அந்த டின்னு மேல உக்காருங்க. காலி டின்னுதான், பேண்டுல எண்ணெய் ஒட்டாது.

சேவுகன்னு பேரைக் கேட்டதுமே நெனச்சேன், இது நம்ம பக்கத்து ஆளுன்னு. வேற எந்தச் சீமையில வைக்கிறாங்க இந்தப் பேரை? திருப்பத்தூருன்னுதானே சொன்னிய? சிவகங்கைத் திருப்பத்தூரு. நான் காளையார்கோயில். ரெண்டு பஸ்ஸு மாறுனா உங்க வீடு. பதினோரு வருசமா இந்த ஒர்க் ஷாப்புல கெடக்கேன், நம்ம பக்கத்து ஆளு ஒருத்தர் வண்டியைக் கொண்டாந்து நிப்பாட்டுறது இப்பத்தான். என் பேரு சூசைமாணிக்கம். இந்த ஊர்க்காரங்களுக்கு அம்புட்டு நீளத்துக்கு நாக்கு வராது. முதலாளி சூசாம்பான். எல்லாரும் சூசாதான்.

என்ன சொன்னிய? வண்டி சரியானாத்தான் லீவுன்னுட்டாங்களா உங்க மேடம் வீட்டுல? அது சரி. வீட்டு டிரைவர் வேலையும் நம்ம பொழப்புதான் போலருக்கு. என்னைக்கு ஃப்ளைட்டு? வெள்ளிக்கிழமையா? இன்னைக்குப் புதன். பயப்படாதீங்க. சாயங்காலத் தொழுகைக்கு முந்தி வண்டியை எடுத்துட்டுப் போயிருவிய. சனிக்கிழமை வீட்டுல உக்காந்து கறிச்சோறு தின்னுவிய. இந்தக் கைப்பட்ட வண்டி திரும்ப வந்து நின்னதே கெடையாது. சும்மா பீத்திக்கலை. வெளிய யாரை வேணாலும் கேளுங்க.

இந்தா, இதான் உங்க பழைய கேபிளு. பாத்தியளா, நூலு நூலாப் பிரிஞ்சு நிக்குது. இன்னும் ரெண்டு நாள் ஓட்டியிருந்தா அந்துருக்கும். த்ராட்டில் கேபிளுன்னு பேரு. நீங்க பாட்டுக்கு மிதிக்கிறிய, கியரு அது பாட்டுக்கு மாறுதுன்னு நெனச்சுக்கிட்டு இருப்பிய. எல்லா டிரைவரும் அப்படித்தான் நெனைக்கிறாங்க. நீங்க எம்புட்டு மிதிக்கிறியன்னு கியர்பாக்ஸுக்கு யாரு சொல்றது? இந்தக் கம்பிதான் போய்ச் சொல்லணும். ஒரு தலை மேல, இஞ்சின்கிட்ட. இன்னொரு தலை கீழ, கியர்பாக்ஸு வயித்துக்குள்ள. மிதிச்சா கம்பி இழுக்கும், உள்ள எண்ணெய் அழுத்தம் ஏறும், பிளேட்டெல்லாம் இறுக்கிப் புடிக்கும். கம்பி தொளதொளன்னு இருந்துச்சுன்னா அழுத்தம் பத்தாது. அப்பவும் வண்டி ஓடும். அதான் மோசம், ஓடத்தான் செய்யும். ஆனா பிளேட்டு வழுக்கி வழுக்கி உள்ளுக்குள்ளயே கருகிரும். ரொம்ப இறுக்கமா வச்சாலும் ஆகாது. ஒவ்வொரு கியரும் பிடரியில அடிச்ச மாதிரி விழும்.

கீழ உள்ள வேலை முடிஞ்சு போச்சு. எண்ணெய்ச் சட்டியைக் கழட்டி, கொக்கியை மாட்டி, ரப்பர் வளையத்துக்கு எண்ணெய் தடவி உள்ள தள்ளி, ஒரு போல்ட்டு. எண்ணெய்தான் முழங்கை வரைக்கும் ஊத்திருச்சு. இனிமே மேல் வேலை. மேல் வேலையிலதான் சூட்சுமம்.

அந்த ஃபோனு அடிச்சா நீங்க எடுத்துராதீங்க. என் வீட்டுக்காரியாத்தான் இருக்கும். காலையிலேர்ந்து மூணு தடவை அடிச்சுட்டா. எடுத்தா என்ன சொல்லப்போறா? "எப்ப வர்றிய?" அம்புட்டுத்தான். முந்தியெல்லாம் ஊர்க்கதை பேசுவா, தைக்க வந்த ஜாக்கெட்டைப் பத்திப் பேசுவா. இப்ப அந்த ஒத்தைக் கேள்விதான்.

கர்ப்பப்பையில கட்டி தம்பி. மதுரையில காட்டியிருக்கோம். எடுத்தே ஆகணுமாம். தொறந்து பாத்தாத்தான் நல்ல கட்டியா கெட்ட கட்டியான்னு தெரியும்னுட்டாங்க டாக்டரம்மா. எங்களுக்குப் புள்ளை குட்டி கெடையாது. ரெண்டு வருசத்துக்கு ஒருக்க ரெண்டு மாசம் போற மனுசனுக்கு எங்கேர்ந்து புள்ளை? இப்ப பையையே எடுக்கணுங்கிறாங்க. அவளுக்கு அது ஒரு தனி வேதனை. வாய்விட்டுச் சொல்லமாட்டா. ஞானசௌந்தரின்னு பேரு. நாடகத்துல வர்ற அந்த ஞானசௌந்தரி மாதிரியே எல்லாத்தையும் உள்ளயே வச்சுக்கிருவா.

ரெண்டு தடவை தேதி குடுத்தாங்க. ரெண்டு தடவையும் இவ போயி, "எங்க வீட்டுக்காரரு வரட்டும்"னு திரும்பி வந்துட்டா. கூட அவ தங்கச்சி இருக்கா, தங்கச்சி புருசன் இருக்கான், கையெழுத்துப் போட ஆளுக்கா பஞ்சம்? இவ கேக்கலையே. "மயக்க மருந்து குடுக்கிறப்ப நீங்க எதுத்தாப்புல நிக்கணும், வேற ஒண்ணும் வேணாம்"னுட்டா. இப்ப மூணாவது தேதி. வர்ற திங்கக்கிழமை. இதுக்கு மேல தள்ளக் கூடாதுன்னு டாக்டரம்மா சத்தம் போட்டுருக்காங்க. நான் வந்தாலும் வராட்டியும் திங்கக்கிழமை கத்தி வச்சிருவாங்க.

இன்னைக்கு முதலாளி ஒரு கையெழுத்துப் போட்டான்னா போதும் தம்பி, ஞாயித்துக்கிழமை நான் ஊருல. பாஸ்போர்ட்டு அவன் பீரோவுல கெடக்கு. நாட்டை விட்டு வெளிய போற பேப்பரும் எழுதித் தயாரா இருக்கு. கையெழுத்து மட்டுந்தான் பாக்கி. போடமாட்டேங்கிறான். மனுசனா அவன்? கல்லைத் தின்னு வளந்தவன்.

கொஞ்சம் நகருங்க, வெளிச்சம் மறைக்குது. கேபிளு புகைக்குழாய்ப் பக்கம் போகக் கூடாது, உருகிரும். இப்படி வளைச்சுத்தான் கொண்டாரணும். மடிப்பு விழக் கூடாது.

ஏன் போடமாட்டேங்கிறான்னு கேக்குறியளா? வேலைக்காரன் நல்லா வேலை பாக்குறது ஒரு குத்தம். அதான் காரணம். வேற ஒண்ணுமில்லை.

முதலாளிகிட்ட ஒரு ஜீப்பு இருக்கு. தொண்ணூத்தஞ்சு மாடலு, பெரிய ஜப்பான் ஜீப்பு. வெளிய கொட்டகையில நிக்கிதே, மணல் கலர்ல, அதான். அவங்க அப்பன் ஓட்டுனது. வீட்டுல நாலு புது வண்டி நிக்கிது, ஆனா வியாழக்கெழமையானா பொண்டாட்டி புள்ளையை ஏத்திக்கிட்டு பாலைவனத்துக்குப் போறது அந்த ஜீப்புலதான். உங்க வண்டியும் அந்த ஜாதிதான். அதே கியர்பாக்ஸு, அதே கேபிளு. அந்த ஜீப்போட கேபிளை வைக்கிறதுக்கு இந்த ஊருலயே என்னை விட்டா ஆளு கெடையாது. இது நான் சொல்றதில்லை, முதலாளி சொல்றது. வர்றவன் போறவன்கிட்டயெல்லாம் சொல்லுவான். "அந்த வண்டி சூசா பேச்சை மட்டுந்தான் கேக்கும்"பான். கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. இப்பல்ல தெரியுது.

இருங்க. இப்ப ஒரு வேலை. இதை யாரும் பாக்க விடமாட்டேன். டயரு வேலை பாக்குற குல்சமான் அந்தப் பக்கம் வந்தான்னா பானட்டைச் சாத்திருவேன். நீங்க டிரைவரு, பாத்தாப் பரவாயில்லை. குனிஞ்சு பாருங்க. கம்பியில ஒரு சின்ன இரும்பு மணி தெரியுதா? மொளகு அளவுக்கு? புதுக் கேபிளுல அது ஓடிக்கிட்டு இருக்கும், இந்தா, இங்கயும் அங்கயும் நகருது பாருங்க. கம்பியை மெதுவா இழுக்கணும். உள்ள ஒரு இடத்துல லேசா தடுக்கும். தடுத்ததும் அப்படியே புடிச்சுக்கிட்டு, கம்பியைச் சுத்தியிருக்கிற உறையோட வாய்க்கும் மணிக்கும் நடுவுல ஒரு மில்லிமீட்டர் விட்டு, மணியை இடுக்கியால நசுக்கணும். ம்ம்… இந்தா. நசுங்கிருச்சு. இனிமே எந்தக் காலத்துலயும் நகராது. நாளைக்கு எவன் பானட்டைத் தொறந்தாலும் மணியைத்தான் பாப்பான். ஒரு மில்லி இருக்கா, சரி. இல்லையா, உறையைப் புடிச்சிருக்கிற நட்டைத் திருப்பி ஒரு மில்லிக்குக் கொண்டாந்துருவான். புத்தகத்துல அப்படித்தான் போட்டுருக்கு. மெக்கானிக்குக்கு அந்த மணிதான் சாட்சி.

உங்களுது ஒரு மில்லி சரியா வச்சிருக்கேன். கவலைப்படாதீங்க.

ஜீப்புல அப்படி இல்லை.

சிரிக்கிறியளா? சிரிங்க. என் நெலைமையில இருந்தா நீங்களும் அதைத்தான் செஞ்சிருப்பிய. கேளுங்க. நான் மொத மொத அரபு நாட்டுக்கு வந்தது தம்மாமுக்கு. அங்க ஒருத்தன் கூட வேலை பாத்தான். அண்ணே அண்ணேன்னு கூடவே சுத்துவான். எனக்குத் தெரிஞ்சதை ஒண்ணு விடாம சொன்னேன். கியர்பாக்ஸைக் கண்ணை மூடிக்கிட்டுக் கோக்குற அளவுக்கு அவனைக் கொண்டாந்து விட்டேன். எட்டே மாசம். முதலாளி கூப்புட்டு டிக்கெட்டைக் கையில குடுத்தான். ரெண்டு பேரு எதுக்கு, ஒருத்தன் போதும்னுட்டான். அவன் ஏர்போர்ட்டுக்கு வந்து என் கையைப் புடிச்சு அழுதான். அழுது என்ன? போனது நான். அன்னைக்கு முடிவு பண்ணுனேன், இனிமே எந்த முதலாளியும் நான் இல்லாட்டியும் வண்டி ஓடும்னு நெனைக்கக் கூடாதுன்னு.

இங்க நல்லாத்தான் போய்க்கிட்டு இருந்துச்சு. போன வருசத்துக்கு முந்துன வருசம் குல்சமானைக் கொண்டாந்தான். பெஷாவர்க்காரன். அந்தா, வெளிய டயரு கழட்டிக்கிட்டு இருக்கானே, வெள்ளைத் தாடி, அவன்தான். இருவது வருசம் கியர்பாக்ஸு மட்டுமே பாத்தவன். வந்த அன்னைக்கே ஒரு பெட்டியைக் கழட்டிக் கோத்தான் பாருங்க. சுத்தமான கை. எனக்குத் தெரியாதா, அடுத்த டிக்கெட்டு யாருக்குன்னு?

அந்த வாரமே ஜீப்புக்குக் கேபிளு மாத்த வேண்டியதாப் போச்சு. நான்தான் மாத்துனேன். கம்பியை இழுத்தேன், தடுத்துச்சு, மணியை ஒரு மில்லியில நசுக்காம அஞ்சு மில்லியில நசுக்கிட்டேன். நாலு மில்லி கூட. அம்புட்டுத்தான் செஞ்சேன். வண்டிக்கு ஒரு கெடுதலும் இல்லை. அஞ்சு மில்லி விட்டு நட்டை வச்சா வண்டி தேரு மாதிரி போகும். ஆனா அது எனக்கு மட்டுந்தான் தெரியும். வேற எவனாவது வந்து, புத்தகத்தைப் பாத்து, மணியை நம்பி ஒரு மில்லிக்குக் கொண்டாந்தான்னா, கம்பி நாலு மில்லி தொளதொளத்துப் போகும். அழுத்தம் எறங்கிரும்.

நான் யாரையும் வண்டியைத் தொடச் சொல்லலையே. தொட்டாத்தானே வம்பு?

தொட்டுட்டான். எனக்குப் பத்து நாள் காய்ச்சலு, ரூமுல கெடக்கேன். முதலாளி ஜீப்பை குல்சமான்கிட்ட விட்டுருக்கான், ஆயில் மாத்தச் சொல்லி. அவன் சும்மா இருக்கலாம்ல? மணியைப் பாத்துருக்கான். அஞ்சு மில்லி நிக்கிது. "அடப் பாவமே, சூசா கவனிக்கலை போலருக்கு"ன்னு நல்லெண்ணத்துல ஒரு மில்லிக்குக் கொண்டாந்துட்டான். என்னைக் காட்டிக் குடுக்கக் கூடாதுன்னு முதலாளிகிட்டயும் மூச்சு விடலை. அது எனக்குப் பொறகுதான் தெரியும்.

ரெண்டே வாரம். முதலாளி குடும்பத்தோட பாலைவனத்துக்குள்ள அறுவது கிலோமீட்டரு போயிருக்கான். கியர்பாக்ஸு கருகி நின்னுருச்சு. கைக்குழந்தை வேற. வேற வண்டி போயிக் கூட்டியாறதுக்குள்ள அவன் பொண்டாட்டிக்கு மயக்கமே வந்துருச்சாம். வந்தான் பாருங்க ஒர்க் ஷாப்புக்கு, மூஞ்சியைப் பாக்க முடியலை. குல்சமான் குர்ஆன் மேல சத்தியம் பண்றான், "கேபிளை நான் சரியாத்தான் வச்சேன், மணியைப் பாருங்க"ங்கிறான். முதலாளி என்னைக் கூப்புட்டான். "சூசா, நீ பாரு. இவன் வச்சது சரியா தப்பா?"

நான் குனிஞ்சு பாத்தேன். ஒரு மில்லி. அளந்து வச்ச மாதிரி ஒரு மில்லி.

நிமுந்து சொன்னேன். "புத்தகத்துக்குச் சரி. இந்த வண்டிக்குத் தப்பு." எப்படிச் சொன்னேன் பாத்தியளா? இன்னைக்கு வரைக்கும் முதலாளி அதைச் சொல்லிக்கிட்டுத் திரியிறான். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு குணம் உண்டு, அது சூசாவுக்குத்தான் தெரியும்னு. அன்னையிலேர்ந்து குல்சமானுக்குப் பஞ்சரு வேலை. இருவது வருசம் கியர்பாக்ஸு பாத்த கை, டயருக்குக் காத்தடிக்குது. பாவந்தான். நான் இல்லைங்கலையே. ஆனா நானா அவனைத் தொடச் சொன்னேன்? தெனமும் காலையில எனக்குப் பால் இல்லாத டீ, சுலைமானி போட்டுக் கொண்டாந்து வைப்பான். வேணாம்னு சொன்னாலும் கேக்கமாட்டான். அதைக் குடிக்கிறதுதான் எனக்குக் கஷ்டமா இருக்கு.

அந்த பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுங்க. இது இல்லை, அதுக்கு அடுத்தது. ஆங்.

ஜீப்புக்குப் பிளேட்டெல்லாம் மாத்தி, அதே கேபிளை அஞ்சு மில்லியில வச்சுக் குடுத்தேன். அதுக்கப்புறம் நான் ஒண்ணு செஞ்சேன். பதினஞ்சு நாளைக்கு ஒருக்க ஜீப்பு பானட்டைத் தொறந்து, நட்டை அந்தப் பக்கம் அரைச் சுத்து, திரும்ப இந்தப் பக்கம் அரைச் சுத்து. செய்யிறது ஒண்ணுமில்லை. ஆனா செய்யிற மாதிரி இருக்கணும்ல? காதை வச்சுக் கேக்குறது, தலையை ஆட்டுறது, முதலாளியை ஒரு தடவை ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொல்றது. அவன் பயபக்தியா மிதிப்பான். இப்ப அவன் மனசுல என்ன பதிஞ்சு போச்சுன்னா, பதினஞ்சு நாளைக்கு ஒருக்க சூசா கை படலைன்னா வண்டி நின்னுரும். ரெண்டு மாசம் லீவுன்னா அவனுக்கு ஈரக்கொலை நடுங்குது. குழந்தையோட நடுக்காட்டுல நின்னவன்ல.

இப்ப சொல்லுங்க, அதுக்காக ஒருத்தனைப் பொண்டாட்டி ஆபரேசனுக்கு விடமாட்டேம்பியளா? என்ன நியாயம் இது?

போன வியாழக்கெழமை கூப்புட்டான். ஆபீஸுல உக்கார வச்சு, பேரீச்சம்பழம் குடுத்து, பேப்பரை எடுத்து மேசையில வச்சான். என் பேரு, பாஸ்போர்ட்டு நம்பரு, எல்லாம் எழுதியிருக்கு. பேனாவை மூடி கழட்டிக் கையில வச்சிருக்கான். "சூசா, உன் பொண்டாட்டி என் தங்கச்சி மாதிரி. நான் என்ன கல்லா? ஒரே ஒரு ஆளு. உன்னை விட்டா ஒரே ஒரு ஆளு அந்த ஜீப்போட கேபிளை சரியா வச்சுக் காட்டட்டும். நான் பின்னாடி இருக்கிற மணல் மேட்டுல ஏத்திப் பாக்குறேன். ஏறிருச்சுன்னா எறங்கி வந்து கையெழுத்து. சாயங்காலமே டிக்கெட்டு"ன்னான். சொல்லிட்டு குல்சமானைக் கூப்புட்டான்.

மூணு பேரும் ஜீப்புகிட்ட நிக்கிறோம். குல்சமான் கையைக் கழுவிட்டு வந்துருந்தான். டயரு கரியெல்லாம் போக சோப்புப் போட்டுக் கழுவி, சுத்தமா. ஸ்பேனரை வாங்கிக்கிட்டு என்கிட்ட மெதுவாச் சொன்னான். "சூசா பாய், நீ எப்படிச் சொல்றியோ அப்படியே வைக்கிறேன். எம்புட்டு வைக்கணும், சொல்லு. நீ ஊருக்குப் போ. அந்தம்மா காத்துக்கிட்டு இருக்காங்கள்ல."

அஞ்சு மில்லின்னு சொல்லியிருந்தா முடிஞ்சு போச்சு. எனக்குத் தெரியாதா என்ன? ஆனா அஞ்சுன்னு சொன்னா, ஏன் அஞ்சுன்னு அவன் கேப்பான்ல? இருவது வருசக்காரன். அஞ்சுங்கிற வார்த்தை காதுல விழுந்தவுடனே மணியைப் பாப்பான். அப்புறம் என்னைப் பாப்பான். அப்புறம் பதினோரு மாசமா அவன் கழட்டுன டயரெல்லாம் அவனுக்கு ஞாபகம் வரும்.

நான் சொன்னேன், "அது கையில இருக்கு பாய். வாயால சொல்ல வராது"ன்னு.

அவன் நட்டுல ஸ்பேனரை மாட்டுனான். அப்புறம் பிஸ்மில்லான்னு சொல்லிட்டு ஒரு மில்லிக்கு வச்சான். பாவி, வேற எதுக்கு வைப்பான்? முதலாளி ஏறி ஓட்டுனான். பாதி மேடு ஏறுனதும் இஞ்சின் சத்தம் மட்டும் ஓங்குது, வண்டி வழுக்குது. பின்னாலயே எறங்கி வந்துட்டான். ஆபீஸுக்குள்ள போயி, பேனாவை மூடி, பேப்பரை மடிச்சு டிராயர்ல போட்டுட்டான். பாத்தியளா தம்பி அவன் மனசை? ஒரு கையெழுத்து. மூணு எழுத்துப் பேரு. அதைப் போடுறதுக்கு அவனுக்கு மனசு வரலை.

அப்புறம் நான்தான் திரும்ப சரியா வச்சேன். அந்த மேட்டுல ஜம்முன்னு ஏறுச்சு. முதலாளி என் முதுகுல தட்டிக் குடுத்தான். "நீ இல்லாம முடியாது சூசா"ன்னான். கண்ணுல தண்ணி வந்துருச்சு எனக்கு. அவன் சந்தோசத்துல அழுகுறேன்னு நெனச்சுக்கிட்டான்.

போங்க, வண்டிக்குள்ள ஏறுங்க. சாவியைப் போடாதீங்க. ஆக்சிலேட்டரை மட்டும் அடி வரைக்கும் மிதிங்க. கீழ கெடக்கிற மிதியடியை எடுத்துட்டு மிதிங்க, அது தடுக்கும். ம்ம்… முழுசாத் தொறக்குது. விடுங்க. இன்னொரு தடவை. விடுங்க. பாருங்க, மணி திரும்ப ஒரு மில்லியில வந்து நிக்கிது. கம்பி எங்கயும் மாட்டலை. உங்க வேலை முடிஞ்ச மாதிரிதான். எறங்கி வாங்க.

என்னது?

ஜீப்பு மணியைச் சரியான இடத்துல நசுக்கிட்டா என்னவா? தம்பி, நசுக்குனது நசுக்குனதுதான். சொன்னேன்ல, ஒருக்க நசுக்குனா ஆண்டவனே வந்தாலும் நகராது. புதுக் கேபிளுதான் போடணும். புதுக் கேபிளு என்ன கடையில தொங்குதா? ஜப்பான்லேர்ந்து துபாய் வந்து, துபாய்லேர்ந்து இங்க வந்து…

அலமாரியில இருக்கிறதைப் பாக்காதீங்க. அது வேற.

சரி, வேற இல்லை. அதேதான். உங்களுக்கு வாங்குறப்ப பெட்டியில ரெண்டு வந்துச்சு. ஒண்ணு உங்க வண்டியில ஏறிருச்சு, ஒண்ணு அலமாரியில இருக்கு. உங்க கண்ணு பொல்லாத கண்ணு. நேத்து மத்தியானத்துலேர்ந்து நானும் அதைத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். போட மூணு மணி நேரம். மணியை ஒரு மில்லியில நசுக்கிட்டா குல்சமான் இல்லை, யாரு வேணாலும் வைப்பாங்க. மேடு ஏறிரும். கையெழுத்து விழுந்துரும். எல்லாம் எனக்குத் தெரியும்.

பழையதை எங்க கொண்டு போயி ஒளிக்கிறது? இங்க கழட்டுன சாமானையெல்லாம் வண்டிக்காரன் கண்ணுல காட்டணும், முதலாளி சட்டம் அது. உங்களுக்கும் இப்பக் காட்டுனேன்ல? ஜீப்புக்கு வண்டிக்காரன் அவனே. பழசையும் புதுசையும் பக்கத்துல வச்சா குருடனுக்கும் தெரியும், மணி எங்க நிக்கிதுன்னு. குழந்தையோட நின்னது என்னாலன்னு தெரிஞ்சா என்னை ஊருக்கா அனுப்புவான்? ஜெயிலுக்கு அனுப்புவான். அனுப்பமாட்டானா? நீங்க சொல்றிய, நல்ல மாதிரி ஆளாத் தெரியிறாரு, காலுல விழுந்தா விட்டுருவாருன்னு. இருக்கலாம். ஒரு நேரம் எனக்கும் அப்படித் தோணுது. பேப்பரை எழுதி வச்சவன்தானே.

ஜெயிலு கூடப் பரவாயில்லை தம்பி. குல்சமான் இருக்கான் பாருங்க. அவன் என்னை அடிச்சான்னா வாங்கிக்கிருவேன். அடிக்கமாட்டான். மறுநாளும் சுலைமானி போட்டுக் கொண்டாந்து வச்சாலும் வைப்பான். நான் எப்படிக் குடிப்பேன்?

அதுவும் இல்லாம, நாளைக்கு எல்லாரும் அந்த ஜீப்போட கேபிளை வைக்கலாம்னு ஆயிருச்சுன்னா, லீவு முடிஞ்சு நான் எதுக்குத் திரும்பி வர்றது? யாரு கூப்புடுவா? அதை யோசிக்க மாட்டேங்கிறிய.

அடிக்குது பாருங்க. விடுங்க, விடுங்க. எடுக்காதீங்க. கையெல்லாம் எண்ணெய். அதுவே நிக்கும்.

நின்னுருச்சு.

வண்டியை ஸ்டார்ட் பண்ணுங்க. டிரைவ்ல போட்டு, பிரேக்கை மிதிச்சுக்கிட்டே லேசாக் குடுங்க. நல்லாப் புடிக்குதா? ரிவர்ஸ் போட்டுப் பாருங்க. சத்தம் இல்லை, அடி இல்லை. இதான் வேலை. போயி உங்க மேடத்துகிட்ட சாவியைக் குடுத்துட்டு, பாஸ்போர்ட்டை வாங்கிக்கிட்டு, பெட்டியைக் கட்டுங்க.

தம்பி, ஒரு உதவி. சனிக்கிழமை ஊருக்குப் போயிருவியள்ல. ஞாயித்துக்கிழமை காலையில ஒரு எட்டு காளையார்கோயில் போயிட்டு வர முடியுமா? மாதா கோயிலுக்குப் பின்னாடி, தையக்கடைன்னு கேட்டா எல்லாரும் காட்டுவாங்க. சாயங்காலம் அவ மதுரைக்குக் கெளம்பிருவா, அதுக்கு முந்தி போகணும். என்னை நேருல பாத்தேன்னு சொல்லுங்க. நல்லா இருக்கேன், இளைக்கலைன்னு சொல்லுங்க. முதலாளி விடவே மாட்டேங்கிறான், உங்க வீட்டுக்காரரு காலுல விழாத கொறையாக் கெஞ்சிப் பாத்துட்டாருன்னு சொல்லுங்க. அது பொய்யில்லையே? திங்கக்கிழமை கண்ணை மூடுறப்ப அவ முதலாளியைத் திட்டிக்கிட்டே மூடட்டும். அது போதும்.

இந்தக் கேபிளு சமாச்சாரம் மட்டும் வேணாம். தப்பித்தவறிக்கூட வாயில வந்துரக் கூடாது. வந்துச்சுன்னா அவ சத்தம் போடமாட்டா, அழுகவும் மாட்டா. தைக்கிறவ. ஒண்ணே ஒண்ணுதான் கேப்பா, "நாலு மில்லிமீட்டருன்னா எம்புட்டு?"ன்னு.

வெரலை வச்சுக் காட்டிராதீங்க தம்பி.